மேல்கம்பி

காளவாசல் சிக்னலில் ஒரு ஸ்கூட்டி குறுக்கே வந்தது.
முத்திருளாண்டி பிரேக்கை மிதித்தார்.
அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் காயமில்லையென்று
நானேதான் டைம் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன்.
மேல்கம்பியைப் பிடித்திருந்த என் வலது கையோடு
பின்னாலிருந்து சரிந்த ஏழெட்டுப் பேரும்
ஒரு நொடி சேர்ந்து தொங்கினார்கள்.
தோளுக்குள் யாரோ
ஈரத்துணி கிழிகிற சத்தத்தோடு
பாக்கிச் சில்லறை கேட்காமல் இறங்கிப் போனார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
தோள்குழியைச் சுற்றி ஒரு வளையம் உண்டாம், குருத்தெலும்பு.
அதன் விளிம்பு கிழிந்திருக்கிறதாம்.
நான் தலையாட்டினேன்.
நாகஜோதிதான் கேட்டாள்:
"குக்கர் ரப்பர் மாதிரிங்களா சார்?"
அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாம்மா.
ஆனா கடையில கிடைக்காது."

ஆறு வாரம் கை மார்போடு கட்டிக் கிடந்தது.
சென்னை வண்டியில் கடைசி சீட்டு கிடைத்தவன் போல
உட்கார்ந்தே தூங்கினேன்.
சட்டை போடும்போது வலிக்கிற கை முதலில் ஏற வேண்டும்,
கழற்றும்போது கடைசியில்தான் இறங்க வேண்டும்.
பதினேழு வருஷம் ஊரையே ஏற்றி இறக்கியவனுக்கு
இந்த ஒற்றைப் பயணியோடு தினமும் தகராறு.
நாகஜோதி பட்டன் மாட்டிவிடுவாள்.
கழுத்துப் பட்டன் வரும்போது மட்டும்
வேறெங்கோ பார்ப்பாள்.

முத்திருளாண்டி ராத்திரி போன் பண்ணுவார்.
டீசல், லீவு, புதுப்பையனின் விசில், எல்லாம் பேசுவார்.
பிரேக்கைப் பற்றி
அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அண்ணாநகர் மாடியில் பயிற்சி.
"கை எவ்வளவு உயரம் போகணும் உங்களுக்கு?"
என்றாள் ஜெசிந்தா சிஸ்டர்.
எனக்கு முந்தின பையன் பவுலிங் போடணும் என்றிருந்தான்.
நான் மறுநாள் பொன்மேனி டிப்போவுக்குப் போய்
நின்றிருந்த வண்டிக்குள் ஏறி
தையல் டேப்பை இடது கையால் பிடித்து அளந்து வந்தேன்.
ஐந்தடி பத்தங்குலம்.
அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

விரல்களைப் பல்லி மாதிரி சுவரில் ஏற்ற வேண்டும்.
வலி நிறுத்துகிற இடத்தில் ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் தேதி.
ஆணி அடிக்கக் கூடாதென்றுதான் வாடகைப் பேச்சு.
பென்சிலைப் பற்றி யாரும் பேசவில்லை.
கோடு நெஞ்சைத் தாண்டியது, தாடையைத் தாண்டியது.
நவம்பர் ஒன்பதாம் தேதி
யாருமில்லையே என்று தண்ணீர் வாளியைத் தூக்கினேன்.
நாலு அங்குலம் போயிற்று.

வாடகைக்கு வந்த தாமோதரன்
கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.
"யாருக்குய்யா இந்த வளர்த்தி?
ஒங்க பாப்பா இன்னும் தாழ்ப்பா உயரந்தானே?"
விரலால் கோடுகளை எண்ணிக்கொண்டே போனவர்
நவம்பர் ஒன்பதில் நின்றார்.
"இதென்ன, நடுவுல கொறஞ்சிருக்கு?
பிள்ளைக கொறையாதே."
அப்புறம்தான் என் கையைப் பார்த்தார்.
வாடகையை எண்ணாமல் பையில் வைத்தார்.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம்னு இருந்தேன்.
சித்திரைக்குப் பாத்துக்குவோம்."

இன்றைக்குப் பயணியாகத்தான் ஏறினேன்.
சட்டைப்பையில் பாஸ் இருந்தது. காட்டவில்லை.
புதுப்பையனிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன்,
ஏனென்று தெரியவில்லை.
அதே சிக்னல்.
வண்டி பிரேக் போடும் முன்பே
தோள் பிரேக் போட்டது.
இடது கை கம்பத்தில் இருக்க
வலது கை தானாக எழுந்து, மேலே போய்,
கம்பிக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டது.

கூடையோடு பக்கத்தில் நின்ற அம்மா
நான் எதையோ காட்டுகிறேன் என்றெண்ணி
பஸ்ஸின் கூரையை
அண்ணாந்து பார்த்தாள்.